முதல் வகுப்பில் தேறிய பி லிப்ட்

ஒரே ஒரு தாளால் ஒரு மனிதனின் தூக்கத்தைக் கெடுக்க முடியுமா என்றால், முடியும். அதற்குச் சுற்றறிக்கை என்று பெயர்.

ஏ, பி என்று இரண்டு லிப்ட் ஓடும் பன்னிரண்டு மாடி அரசு அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக லிப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. ‘லிப்ட் பரிசோதனைப் புத்தகத்தில் கையெழுத்திடும் எவரும் அங்கீகாரம் பெற்ற உயர்நிலைப் பள்ளித் தேர்ச்சிச் சான்றிதழ் வைத்திருத்தல் வேண்டும். இல்லாதோர் ஏதேனும் ஓர் இணையப் பள்ளியின் வழியாகவேனும் மூன்று மாதத்துக்குள் பெற்று ஒப்படைக்க வேண்டும். தவறினால் உதவியாளராகத் தரம் இறக்கப்படுவர்.’ கீழே ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் படிக்க எந்தப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் போடவில்லை.

மெக்கானிக் வேலை பார்க்கிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இனி வரும் கூத்து புரியாது. காலை ஏழு மணிக்கு வருவார். பன்னிரண்டாம் மாடிக்கும் மேலே இருக்கிற மோட்டார் அறைக்குப் படியேறிப் போவார். கேபின் எந்தக் கயிற்றில் தொங்குகிறது, கயிறு எந்தச் சக்கரத்தில் ஓடுகிறது, சக்கரம் எந்த இரும்பு உத்தரத்தில் உட்கார்ந்திருக்கிறது, உத்தரம் எந்தச் சுவரில் பதிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பார்ப்பார். பிறகு கேபினுக்குள் தன்னந்தனியாக ஏறி, உச்சியிலிருந்து தரைவரை ஒருமுறை வருவார். அதற்கப்புறம்தான் புத்தகத்தில் ‘ஓடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். தான் ஏறாத லிப்டுக்கு அவர் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. காய்ச்சலில் நடுங்கிய ஒருநாள்கூட, போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து ஏறி இறங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

அவர் பள்ளிக்கூடம் போகாதவர் இல்லை. கடைசிப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது லிப்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது. “பரீட்சை வருஷா வருஷம் வரும்டா, வேலை வருமா?” என்று கேட்டார் அப்பா. அப்பா சொன்னது பொய்யாகவில்லை. கம்பெனியில் ஏழு வருஷம், இந்த அலுவலகத்தில் பத்தொன்பது, ஆக இருபத்தாறு வருஷம் கழித்துப் பரீட்சை வந்துவிட்டது.

சுற்றறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு பதினோராம் மாடிக்குப் போனார். அங்கே நிர்வாக அலுவலர் இருந்தார். அவர் ‘க்கும், க்கும்’ என்று இரண்டு தடவை செருமினால் ஏதோ ஒரு விதி வெளியே வரப்போகிறது என்று அர்த்தம். கட்டடத்தில் எல்லோருக்கும் இது தெரியும்; ஒருமுறை செருமும்போதே பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

“சார், எந்த ஸ்கூல்ல சேரணும்னு ஒரு லிஸ்ட் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்.”

“லிஸ்டா? க்கும், க்கும். நாங்க ஒரு ஸ்கூலை நல்ல ஸ்கூல்னு சொன்னா மத்த ஸ்கூலெல்லாம் வருத்தப்படும். ஆபீஸ் பாரபட்சம் பாக்கக் கூடாது.”

“போலி ஸ்கூல் நெறைய இருக்காமே சார். மாட்டிக்கிட்டா?”

“அதுக்குத்தானே சரிபார்ப்புப் பிரிவு இருக்கு! பதினோரு வருஷமா நான்தான் பாக்கறேன். மூணு சோதனை. முத்திரை மூணு கலர்ல இருக்கணும். தாள் கெட்டியா இருக்கணும். பின்னால இருக்கற நம்பருக்கு போன் பண்ணா யாராவது எடுக்கணும். ஒரு போலிகூட எங்களத் தாண்டிப் போனதில்ல.”

“எத்தனை போலியப் பிடிச்சிருக்கீங்க சார்?”

“ஒண்ணுகூட இல்ல. எங்களுக்கு பயந்து போலியே வர்றதில்லன்னா பாத்துக்குங்களேன்.”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “அவங்க நெஜமாவே படிச்சிருக்காங்களான்னு எப்படி சார் பாப்பீங்க?”

அலுவலர் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். “படிப்பு நம்ம பிரிவு இல்லைங்க. நம்மது சான்றிதழ் பிரிவு.”

அன்று சாயங்காலம் வீட்டில் கூட்டம் கூடியது. மூன்று பேர்தான், ஆனால் சத்தம் முப்பது பேருக்கு இருந்தது. மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். ஆளைப் பார்த்ததும் சில்லறை இருக்குமா இருக்காதா என்று சொல்லிவிடுவாள். மகள் பள்ளியில் கடைசி வகுப்பு. வாய் அம்மாவுடையது, பிடிவாதம் அப்பாவுடையது.

“உதவியாளர்னா என்னப்பா பண்ணணும்?” என்று கேட்டாள் மகள்.

“மோட்டார் ரூமைப் பெருக்கணும். வேற எவனாவது கையெழுத்துப் போடறதைப் பாத்துக்கிட்டு நிக்கணும்” என்றார் மெக்கானிக். சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் ‘ஓடலாம்’ என்று எழுதிய கை அது.

மனைவி போனை எடுத்து அவர் மடியில் போட்டாள். “மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க. ஸ்கூலைத் தேடுங்க.”

தேடியது ஒரு பள்ளி. வந்தது ஒரு படை. ‘பத்து நாளில் பத்து வருஷப் படிப்பு.’ ‘தூங்கி எழுந்தால் தேர்ச்சி.’ ‘முதலில் சான்றிதழ், பிடித்திருந்தால் படிப்பு.’ நான்கு பள்ளிகளின் விளம்பரத்தில் ஒரே பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றில் அவள் முதல் மதிப்பெண் மாணவி, நான்காவதில் தலைமையாசிரியை.

“பரீட்சையே கிடையாதுன்னு சொன்னா ஓடி வந்துடணும்ப்பா. யாரு அங்கீகாரம் குடுத்தாங்கன்னு மொதல்ல கேளுங்க” என்றாள் மகள்.

“எதுல தொங்குதுன்னு பாக்கணும், அவ்வளவுதானே?” என்றார் மெக்கானிக். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அது அவருக்குத் தெரிந்த வேலை.

மறுநாள் காலை, பட்டியலில் முதலாவதாக இருந்த அகில உலக அதிவேக இணைய உயர்நிலைப் பள்ளிக்குப் போன் போட்டார். சேர்க்கை ஆலோசகர் என்று ஒரு அம்மாள் பேசினாள். குரலில் அப்படி ஒரு பாசம், கூடப் பிறந்தவள் தோற்றாள். பின்னால் ஒரு மின்விசிறி ‘கிரீச், கிரீச், டொக்’ என்று சுற்றிக்கொண்டிருந்தது. பேரிங் காய்ந்து கிடக்கிறது என்று மெக்கானிக்கின் காது தானாகக் குறித்துக்கொண்டது.

“உங்க ஸ்கூலுக்கு யாரு மேடம் அங்கீகாரம்?”

“அனைத்துக் கண்ட அங்கீகாரப் பேரவை சார். ஏழு கண்டத்துலயும் செல்லும். அண்டார்டிகால தனிக் கிளையே இருக்கு.”

மெக்கானிக் பேரவையின் நம்பரை வாங்கிக்கொண்டு, மதியம் அதற்குப் போன் போட்டார். “அங்கீகாரப் பேரவை, வணக்கம்” என்றது ஒரு கண்டிப்பான குரல். பின்னால் ‘கிரீச், கிரீச், டொக்.’

“மேடம், காலைல ஸ்கூல்ல பேசினது நீங்கதானே?”

“அது காலைல சார். மதியத்துக்கு மேல நான் பேரவை. ரெண்டையும் நாங்க ஒண்ணாக் கலக்கறதே இல்ல. நடுவுல சாப்பாட்டு இடைவேளை விட்டிருக்கோம்.”

“சரி, பேரவைக்கு யாரு அங்கீகாரம்?”

“அந்த ஸ்கூல்தான் சார். அவ்ளோ தரமான ஸ்கூலே எங்களை ஏத்துக்கிட்டிருக்குன்னா எங்க தரத்தை நீங்களே யோசிச்சுப் பாருங்க.”

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். கயிற்றின் ஒரு நுனியை அதே கயிற்றின் மறுநுனியில் முடிந்து வைத்திருக்கிறார்கள்; உத்தரத்தில் எதுவும் இல்லை. அந்த மாதிரி லிப்ட் ஓடாது என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு தடவை ஓடும், கீழ்நோக்கி.

“அந்த பேரிங்குக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் விட்டாலும் அந்த அம்மாள் விடுவாளா? காலையில் பள்ளியாகவும் மாலையில் பேரவையாகவும் கூப்பிட்டாள். கேபின் கூரைமேல் அவர் குனிந்து நிற்கும்போது கூப்பிட்டாள். வீட்டில் முதல் வாய் எடுத்து வைக்கும்போது கூப்பிட்டாள். “சேர வேணாம் சார், இலவசத் தகுதிப் பரிசோதனைக்கு உங்க விவரத் தாளை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க.” சனியன் தொலையட்டும் என்று ஒருநாள், கையில் கிரீஸ் அப்பியிருக்க, கட்டைவிரலால் படத்தைத் தேடி அனுப்பிவிட்டார்.

வந்தது வினை. மெக்கானிக்கின் போனில் மனிதப் படம் மொத்தம் நாலோ ஐந்தோ. மற்றதெல்லாம் கயிறு, பிரேக், பொத்தான் பலகை, பரிசோதனைத் தாள். அவர் அனுப்பியது பி லிப்டின் வருடாந்திரப் பரிசோதனைத் தாள். மேலே அலுவலக முகவரி கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே: பெயர், பி லிப்ட். பணியில் சேர்ந்தது, இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன். தாங்கும் அளவு, எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்துநாலு கிலோ. குறிப்பு, ஏழாவது மாடியில் சற்றுத் தயங்கும்.

இது நடந்தது அவருக்கே தெரியாது. அவர் அதற்குள் பட்டியலில் பதினாறாவது பள்ளிக்கு வந்திருந்தார். அதற்கு விளம்பரம் கிடையாது. சிரிக்கும் பெண்ணும் கிடையாது. போனை எடுத்தது ஒரு கணக்கு டீச்சர். அவர்தான் சேர்க்கையையும் பார்த்துக்கொள்கிறாராம்.

“பாடம் ஆன்லைன்ல. பரீட்சை நேர்ல, மையத்துக்கு வந்து உக்காந்து எழுதணும்” என்றார் டீச்சர். “மொதல்ல ஒரு தகுதித் தேர்வு. அதைப் பாத்துதான் எங்க ஆரம்பிக்கறதுன்னு சொல்ல முடியும். எப்படியும் ஒரு வருஷம் ஆகும். பாஸ் பண்ணுவீங்கன்னு நான் எழுதித் தர மாட்டேன்.”

மெக்கானிக்குக் காது குளிர்ந்தது. இத்தனை நாளில் ‘முடியாது’ என்று சொன்ன முதல் பள்ளி இதுதான். “டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஸ்கூல் எதுல தொங்குது? அதாவது, யாரு அங்கீகாரம்?”

“பொதுக் கல்வி வாரியம். ஆனா நான் சொல்றேன்னு நம்பாதீங்க. நான் குடுக்கற நம்பருக்கும் போன் பண்ணாதீங்க. அதை நானே எடுத்தாலும் எடுப்பேன், யாரு கண்டா? வாரியத்தோட ஆபீசுக்கு நீங்களாப் போய், அவங்க பதிவேட்டுல எங்க பேரு இருக்கான்னு பாருங்க.”

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். வாரியத்தின் கவுண்டரில் ஒரு குமாஸ்தா தலையைத் தூக்காமலேயே பதிவேட்டைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்து, “இருக்கு. அடுத்தவங்க வாங்க” என்றார்.

“சார், உங்க வாரியம் எதுல...”

“சட்டத்துல. அந்த அலமாரில இருக்கு பாருங்க. என்ன, தொட்டுப் பாக்கணுமா?”

குமாஸ்தா கிண்டலுக்குத்தான் கேட்டார். மெக்கானிக் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆக, பள்ளி கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு ஒரு வருஷம் வேண்டும். சுற்றறிக்கை கொடுத்தது மூன்று மாதம். கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று பதினோராம் மாடிக்குப் போனால், அலுவலர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

“வாங்க, வாங்க! உங்க லிப்ட் நம்ம மானத்தைக் காப்பாத்திருச்சு.”

மேஜைமேல் ஒரு சான்றிதழ் இருந்தது. அட்டை மாதிரி கெட்டியான தாள். முத்திரை சிவப்பு, பச்சை, நீலம். அகில உலக அதிவேக இணைய உயர்நிலைப் பள்ளி, மாணவர் பி லிப்ட் என்பவர் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றதாக மகிழ்ச்சியோடு அறிவித்து, தாளில் கண்ட முகவரிக்கே நேரடியாக அனுப்பியிருந்தது. மொழி தொண்ணூற்றொன்று. கணக்கு தொண்ணூற்றுநாலு. இருபத்தாறு ஆண்டு அனுபவத்தை முன்னிட்டு எல்லாப் பாடத்திலும் தேர்விலிருந்து விலக்கு. தாங்கும் அளவு என்ற கட்டத்தில் இருந்ததை ஏதோ ஒரு கம்ப்யூட்டர் அப்படியே எடுத்துத் ‘தலைமைப் பண்பு: எட்டுப் பேர்’ என்று போட்டிருந்தது. இதை மனிதக் கண் எதுவும் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மெக்கானிக் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். “சார்! இது லிப்டு சார்!”

“தெரியும்.”

“இரும்புப் பெட்டி சார். கதவு இருக்கு, நாலு பக்கம் தகரம் இருக்கு. இது எப்படிப் படிக்கும்?”

“க்கும், க்கும். உணர்ச்சிவசப்படாதீங்க. முத்திரை மூணு கலர். தாள் கெட்டி. நானே பேரவைக்கு போன் பண்ணேன், உடனே எடுத்தாங்க. என்ன, பின்னாடி ஏதோ ஒரு சத்தம். மத்தபடி ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. இதைப் போலின்னு நான் எழுதினா, சரிபார்ப்பு தப்புன்னு ஆகும். பதினோரு வருஷமா சரிபார்ப்பு தப்பானதில்ல. அதனால இது போலியா இருக்க வாய்ப்பில்ல.”

“அப்போ லிப்டு பாஸா?”

“முதல் வகுப்பு.” அலுவலர் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கும் சொல்றேன், ஒரு வருஷம் எதுக்கு வீணாக்கறீங்க? இதே ஸ்கூல்ல சேருங்க. ஒரு மணி நேரத்துல வந்துரும். நான் கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடறேன்.”

அன்று மாலை அந்தச் சேர்க்கை ஆலோசகரும் கூப்பிட்டாள். பி லிப்டுக்கு உறவுக்காரர் என்றால் குடும்பச் சலுகை உண்டாம்.

அவர் கொஞ்சமும் சபலப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு மணி நேரம். ஒரே ஒரு படம். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு பயல் கேள்வி கேட்க மாட்டான். ராத்திரி சாப்பாட்டில் கையை அளைந்துகொண்டே மனைவியிடம் இதைச் சொன்னார். “ஆபீஸே ஏத்துக்குது. நாம என்ன ஊரைத் திருத்தவா போறோம்?”

மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “நீங்க ஏறாத லிப்டுக்கு கையெழுத்துப் போடுவீங்களா?”

அவ்வளவுதான் கேட்டாள். மெக்கானிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை மையத்துக்குப் போய்த் தகுதித் தேர்வு எழுதினார். பத்து நாளில் விடைத்தாள் வந்தது. நூற்றுக்கு முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி. தாள் முழுக்கச் சிவப்பு மை. ஐந்தாவது கணக்குக்குப் பக்கத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: ‘முதல் இரண்டு வரி அருமை. மூன்றாவது வரியில் கூட்டலைக் கழித்தலாக்கி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள். அவசரம் வேண்டாம். சனிக்கிழமை வகுப்புக்கு வாருங்கள்.’

“அம்மா, அப்பா பெயில்!” என்று கத்தினாள் மகள்.

“அடி சக்கை!” என்றார் மெக்கானிக். அந்தத் தாளை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று வந்தார். “பாரு, மூணாவது வரிய பாத்திருக்காங்க! என் மூணாவது வரிய ஒருத்தங்க உக்காந்து பாத்திருக்காங்க!” பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, மகளுக்கு ஏதோ வேலை கிடைத்துவிட்டதென்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போனார்.

மூன்று மாதம் முடிந்தது. மெக்கானிக் உதவியாளராகத் தரம் இறக்கப்பட்டார். கையில் துடைப்பம் வந்தது. அவர் இடத்துக்குத் தகுதியுள்ள ஆள் தேடினார்கள். கட்டடத்தில் லிப்ட் பிரிவில் சான்றிதழ் வைத்திருந்த ஒரே ஆசாமி பி லிப்ட்தான். விதி விதிதானே! பி லிப்டே பரிசோதனைப் புத்தகத்தில் கையெழுத்திடும் என்று ஆணை வந்தது.

எப்படி இடும் என்று கேட்காதீர்கள். அதற்கும் வழி பண்ணினார்கள். ‘ஓடலாம் - பி லிப்ட்’ என்று ஒரு ரப்பர் முத்திரை செய்து கதவின் ஓரத்தில் பொருத்தினார்கள். எதிரே புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கதவு மூடும்போதெல்லாம் ‘டப்’ என்று ஒரு முத்திரை விழும். ஏ லிப்டுக்குப் படிப்பு இல்லாததால் அதற்கும் பி லிப்டே மேற்பார்வையாளர். மெக்கானிக்கு லீவு வேண்டுமென்றால் பி லிப்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒருநாள் பல்வலிக்கு விண்ணப்பம் எழுதிப் புத்தகத்தில் செருகிவிட்டு நின்றார். கதவு மூடியது, டப். ‘ஓடலாம்’ என்று அனுமதி வந்தது. இவ்வளவு சீக்கிரம் லீவு கொடுத்த மேலதிகாரியை அவர் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. லிப்டைப் பரிசோதிப்பது லிப்டே என்று தெரிந்த நாளிலிருந்து கட்டடத்தில் ஒருவர் விடாமல் படியேற ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. “உடம்புக்கு நல்லதுங்க” என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள். ஆறாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார்கள். பதினோராம் மாடிக்கு ஏறிய அலுவலருக்கு முதல் வாரத்தில் சட்டை தொளதொளத்தது, இரண்டாம் வாரத்தில் பேண்ட். லிப்ட் மட்டும், பொத்தானை அமுக்கிவிட்டு ஓடுகிற குறும்புக்காரர்களின் தயவில், காலியாக ஏறி இறங்கித் தன்னைத் தானே மெச்சிக்கொண்டிருந்தது.

அந்த நிலைமையில்தான் இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். அறுபதை நெருங்கிய அம்மாள். இரண்டு முட்டியிலும் வலி. தரைத்தளத்தில் லிப்ட் முன்னால் வந்து நின்றவர், பக்கத்தில் படிக்கட்டில் ஊர்ந்துகொண்டிருந்த ஊழியர் கூட்டத்தைப் பார்த்தார்.

“லிப்ட் ரிப்பேரா?”

“இல்லவே இல்ல மேடம்” என்றார் அலுவலர். “இன்னிக்கு மட்டும் முப்பத்தேழு தடவை பரிசோதனை ஆயிருக்கு.”

“யாரு பரிசோதிச்சாங்க?”

“க்கும், க்கும். லிப்டே பண்ணிக்கிச்சு மேடம். சாதாரண லிப்ட் இல்ல. முதல் வகுப்பு. கணக்குல தொண்ணூத்தி நாலு.”

இயக்குநர் லிப்டின் கதவைக் காட்டினார். “அப்படியா! சரி, நீங்க மொதல்ல ஏறிக் காட்டுங்க.”

கதவு திறந்து காத்திருந்தது. அலுவலர் ஒரு காலை எடுத்து வைத்தார். அதே காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “எனக்கு... டாக்டர் படியேறச் சொல்லியிருக்கார் மேடம்.”

“சான்றிதழைச் சரிபார்த்தது யாரு?”

“நான்தான் மேடம்.”

“நீங்க சரிபார்த்ததுல நீங்களே ஏற மாட்டீங்களா?”

கதவு மூடியது, டப். முப்பத்தெட்டு. படிக்கட்டில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

“இதுக்கு முன்னால இதை யாரு பாத்துக்கிட்டிருந்தது?” என்று இயக்குநர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே திசையில் கை காட்டினார்கள். அங்கே மெக்கானிக் துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

“பதினஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்” என்றார்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியேறினார். மோட்டார் அறையில் கயிறு, சக்கரம், உத்தரம், சுவர் என்று தொட்டுப் பார்த்தார். இரண்டு திருகை இறுக்கினார். அவர் கை அந்தத் திருகுகளை ஒரு மாதமாகத் தேடியிருக்கிறது. அதற்கும் ஒரு சந்தோஷம். பிறகு பன்னிரண்டாம் மாடியில் கேபினுக்குள் தனியாக ஏறி, தரைத்தளத்துக்கு வந்து, கதவு திறந்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ஓடலாம் மேடம்.”

இயக்குநர் உள்ளே போகக் காலை எடுத்து வைத்தார். அலுவலருக்குப் பொறுக்கவில்லை. “மேடம், இவருக்குத் தகுதி கிடையாது. சான்றிதழ் இல்ல.”

“ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்று இயக்குநர் மெக்கானிக்கைக் கேட்டார்.

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த விடைத்தாளை எடுத்து நீட்டினார். இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “முப்பத்தொண்ணு. இது பெயில் ஆச்சே?”

“ஆமா மேடம். ஆனா ஒழுங்கா பெயில். வாரியத்துப் பதிவேட்டுல இருக்கற ஸ்கூல், நானே போய்ப் பாத்தேன். சனிக்கிழமை மறுபடியும் எழுதறேன்.”

இயக்குநர் சிரித்த சிரிப்பு மூன்றாம் மாடிவரை கேட்டதாகச் சொல்கிறார்கள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராகக் கேபினுக்குள் போனார். அவருக்குப் பின்னால் படிக்கட்டில் இருந்த கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வந்தது. எட்டுப் பேர்தான் தாங்கும் என்று மெக்கானிக் கையை விரித்துத் தடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் புதுச் சுற்றறிக்கை வந்தது: கல்வி வாரியத்தின் பதிவேட்டில் உள்ள பள்ளியில் படித்துக்கொண்டிருப்பவர், படிப்பு முடியும்வரை கையெழுத்திடலாம். மெக்கானிக் பழைய பேனாவைத் தேடி எடுத்தார். பி லிப்டின் சான்றிதழை மட்டும் ரத்து செய்ய முடியவில்லை. ரத்து செய்தால் பதினோரு வருஷச் சரிபார்ப்பையும் தோண்ட வேண்டிவரும். அந்தக் கிணற்றைத் தோண்டினால் எந்தப் பூதம் கிளம்புமோ என்று கோப்பை மூடிவிட்டார்கள். அதனால் பி லிப்ட் இன்றைக்கும் முதல் வகுப்புதான்.

மறு தேர்வில் மெக்கானிக் முப்பத்தெட்டு வாங்கினார். அதற்கடுத்த சனிக்கிழமை இணைய வகுப்பில் ஒரு புது மாணவர் சேர்ந்திருந்தார். திரையில் முகம் இல்லை. கறுப்புக் கட்டம், ‘மாணவர் இருபத்துமூன்று’ என்று மட்டும். டீச்சர் சமன்பாட்டை எழுதிவிட்டு, “சந்தேகம் இருக்கறவங்க கேளுங்க” என்றார்.

கறுப்புக் கட்டத்திலிருந்து ‘க்கும், க்கும்’ என்று சத்தம் வந்தது.

அப்பா வீட்டில் பலமுறை நடித்துக் காட்டிய செருமல் அது. மகள் திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். மெக்கானிக் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமைக் காலை, பி லிப்டில் மெக்கானிக்கும் அலுவலரும் மட்டும் இருந்தார்கள். அலுவலர் கதவையும் கூரையையும் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மெல்லப் பிரித்தார். தகுதித் தேர்வு விடைத்தாள். நூற்றுக்குப் பன்னிரண்டு.

“இது என்னங்க, பேப்பர் பூரா செவப்பா இருக்கு? நான் இதுக்கு முன்னால வாங்கினதுல எல்லாம் இப்படி இருந்ததில்ல. சுத்தமா இருக்கும். மூணு கலர் முத்திரை மட்டும்...” அதோடு நிறுத்திக்கொண்டார்.

முன்னால் எங்கே வாங்கினீர்கள் என்று மெக்கானிக் கேட்கவில்லை. தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, சிவப்பு மையை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

“பயப்பட ஒண்ணுமில்ல சார். யாரோ படிச்சுப் பாத்திருக்காங்க, அவ்வளவுதான்.”

அலுவலர் தாளைத் திரும்ப வாங்கி, கசங்காமல் மடித்தார். லிப்ட் ஏழாவது மாடியில் சற்றுத் தயங்கியது. “போன வகுப்புல டீச்சர் போட்ட கணக்குல அந்த மூணாவது வரி உங்களுக்குப் புரிஞ்சுதா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“எனக்கும் அங்கதான் சார் இடிக்குது” என்றார் மெக்கானிக். “சனிக்கிழமை கேப்போம்.”